நூற்று நாற்பத்திரண்டு முழங்கால்கள்

மாசான் துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருந்த அந்த மருத்துவமனையில் தாக் கும்சுன் பதினாறு வருஷம் எக்ஸ்ரே எடுத்தாள். கை ஒடிந்து வந்த கப்பல்காரன், தொண்டையில் மீன்முள் சிக்கிய கல்யாணப்பெண், மல்யுத்தக் களத்தில் தோள் கழன்ற கல்லூரி மாணவன், எல்லாரும் அவள் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான். ஆள் சின்னவள், குரல் பெரியது. நோயாளியின் பேரைக் கேட்பதற்கு முன்னாலேயே எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டுவிடுவாள். எக்ஸ்ரே எடுப்பவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் முணுமுணுப்பார்கள். அவள் காதில் வாங்கமாட்டாள்.

2004 வசந்தத்தில் மருத்துவமனைக்கு எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்து இறங்கியது. இளசுகள் யாராவது கற்றுக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் நினைத்தது. முப்பத்தெட்டு வயது கும்சுன் நேராகப் போய், "நான் கத்துக்கறேன்" என்றாள். மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல் பூசானுக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்தபோது அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு முனகலுக்கும் அர்த்தம் சொன்னாள்.

அந்த மருத்துவமனையில் முழங்கால் என்றால் டாக்டர் சூ பியோங்தேதான். ஐம்பதைத் தாண்டியவர், கட்டையான மனிதர், கை மட்டும் பூப்போல மெதுவாக வேலை செய்யும். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, ஒன்றில் பென்சில் பருமன் கேமராவையும் மற்றதில் ஒரு கொக்கியையும் விட்டு, தண்ணீர் பாய்ச்சி, உள்ளே இருப்பதையெல்லாம் டிவி திரையில் பார்த்துவிடுவார். அப்படி இரண்டாயிரம் முழங்கால்களுக்கு மேல் பார்த்தவர். ஸ்கேன் படத்தைக் கையில் கொடுத்தால் மேஜையில் போட்டுவிட்டுப் போவார்.

"படம்ங்கறது மூணாவது மனுஷன் வந்து சொல்ற சேதி மாதிரி. நான்தான் வீட்டுக்குள்ளயே போயிடறேனே, எனக்கு எதுக்கு அது?" என்பார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதென்றுதான் கும்சுனும் முதலில் நினைத்தாள். ஓம் என்ற பஸ் டிரைவர் வந்த அன்றுதான் அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது.

ஓமுக்கு முழங்கால் வலி. ஸ்கேன் எடுத்தவள் அவள்தான். படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர் பியோன், உள்ளே கிழிசல் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். டாக்டர் சூ அதைப் படிக்கவில்லை. துளை போட்டுப் பார்த்தார், உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது, தையல் போட்டு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரேக்கு வந்த ஓம் கும்சுனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள ஒண்ணும் இல்லையாம். சந்தோஷந்தான். மூணு வாரம் வண்டி ஓட்டல, வீட்ல படுத்துக் கெடந்தேன், எம் பொண்டாட்டி என்னைத் தூக்கித் தூக்கி நடக்க வெச்சா. உள்ள ஒண்ணும் இல்லைன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இல்லையா தங்கச்சி?"

வழி இருந்தது. அந்தக் காகிதம் அவருடைய கோப்பிலேயே கிடந்தது.

மறுநாள் மதியம் டாக்டர் சூ சாப்பிட்டுவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கும்சுன் போய் நின்றாள்.

"டாக்டர், ஒரு பந்தயம்."

வாயில் பிரஷ்ஷோடு அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்குப் போற எல்லா முழங்காலுக்கும் டாக்டர் பியோன் ஸ்கேன பாத்து எழுதி, கவர்ல போட்டு ஒட்டிருவாரு. கவர் என்கிட்ட இருக்கும். நீங்க கண்ணால பாக்கக் கூடாது. உங்க பாட்டுக்குத் தொறந்து பாத்து, என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க. வெள்ளிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் கேட்டார்: "எதுக்கு? என்னை முட்டாளாக்கவா?"

"ஸ்கேன் முட்டாளா இல்லையான்னு பாக்க. நீங்க வழக்கமா செய்யறதத்தானே செய்யப் போறீங்க, நோயாளிக்கு ஒண்ணும் மாறாது."

"தோத்தா?"

"காரமா மீன் வாங்கித் தரேன். நீங்க தோத்தா நீங்க."

"பெரிய மீனா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை எடுத்துக்கொண்டார். மருத்துவமனையின் அனுமதிக் குழுவுக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்து, நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கி, எல்லாம் முறைப்படி தொடங்க ஒரு மாதம் பிடித்தது.

பதினாலு மாதம் நடந்தது அந்தப் பந்தயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூவரும் ஸ்கேன் அறையில் கூடுவார்கள். பியோன் வாய் திறக்காத இளைஞர். கவர் கிழியும்போதெல்லாம் பரீட்சை முடிவு கேட்பவர் மாதிரி நகத்தைக் கடிப்பார். ஒத்துப்போனால் கும்சுன் பச்சை மையில் குறிப்பாள், போகாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் டாக்டர் சூ மேஜையைத் தட்டி, "பாத்தியா, உன் பெட்டிக்குக் கண்ணாடி போட்டு விடு!" என்பார்.

நூற்று நாற்பத்திரண்டு முழங்கால்கள் சேர்ந்தன. முழங்காலைத் தாங்கிப் பிடிக்கும் குறுக்கு நார் அறுந்திருக்கிறதா என்பதில் நான்கே நான்கில்தான் இருவருக்கும் முரண். எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு இரண்டு. உள்பக்கத்து ஜவ்வில் பத்துக்கு ஒன்பது ஒத்துப்போனது. வெளிப்பக்கத்து ஜவ்வில் ஸ்கேன் தடுமாறியது, சின்னக் கிழிசல்களைக் கோட்டை விட்டது. டாக்டர் சூவுக்கு அதில் ஏக குஷி.

கும்சுன் கடைசித் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆபரேஷனுக்கு அவசியமே இல்லை என்று பியோன் எழுதிய முழங்கால்கள் முப்பத்தொன்று. அதில் இருபத்தேழில் கேமராவும் எதையும் காணவில்லை.

அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இருபத்தேழு பேரை நான் சும்மா தொறந்திருக்கேன்."

"சும்மா இல்ல டாக்டர். சந்தேகம் இருந்துச்சு, பாத்தீங்க. அப்போ வேற வழி இல்ல."

"இருந்துச்சே. கவருக்குள்ள இருந்துச்சு." எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "மீன் நான் வாங்கறேன்" என்றார் அவர்.

அடுத்த வாரத்திலிருந்து, ஸ்கேன் தாளைப் படிக்காமல் அவர் கத்தியைத் தொடவில்லை. அந்த இருபத்தேழு பேருக்கும் அவரே போன் செய்து, நடந்ததைச் சொல்லி, வருத்தம் தெரிவித்தார் என்று நர்ஸுகள் மூலம்தான் கும்சுனுக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை வேறு ரகம்.

மருத்துவமனையே பாராட்டியபோது அவளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. முப்பத்தொன்றில் இருபத்தேழு போக மிச்சம் நான்கு. ஸ்கேன் ஒன்றுமில்லை என்று சொல்லி, கேமரா கிழிசலைக் கண்டுபிடித்த நான்கு முழங்கால்கள். அந்த நாலு பேரும் கேமராவை நம்பாமல் ஸ்கேனை நம்பியிருந்தால் வலியோடுதான் திரிந்திருப்பார்கள். நான்கு கோப்பையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். ஒருவருக்கு வெளிப்பக்கத்து ஜவ்வில் சின்னக் கிழிசல். மற்ற மூன்று பேர் ஐம்பது தாண்டிய பெண்கள். மூவரும் ஜிந்தோங் கடற்கரையில் மிதோதோக் சீவுகிறவர்கள். அந்தக் கட்டைவிரல் அளவு கடல்பிராணியின் தடித்த தோலைக் கத்தியால் சீவிவிட்டுத்தான் குழம்பில் போடுவார்கள். சீவுகிற பெண்கள் வசந்தம் முழுக்கக் காலை ஐந்து மணியிலிருந்து குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். மூவருக்கும் கிழிந்ததும் ஒரே இடம். உள்பக்கத்து ஜவ்வு பின்னால் எலும்பில் பிடித்துக்கொண்டிருக்கும் வேர்.

ஸ்கேன் முழங்காலை ரொட்டி மாதிரி வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டும். அவர்கள் எடுத்த வில்லைகள் ஐந்து மில்லிமீட்டர் தடிமன். வேரே அவ்வளவுதான் இருக்கும். இரண்டு வில்லைக்கு நடுவில் அது நழுவிப் போயிருக்கிறது என்று கும்சுனுக்குப் புரிந்தது. இயந்திரத்தின் மேல் தப்பில்லை, எப்படி நறுக்கச் சொல்லுகிறோம் என்பதில்தான் தப்பு. சனிக்கிழமை மதியங்களில் தன் முழங்காலையே உள்ளே வைத்து, வில்லையை மெலிதாக்கி, முன்பக்கத்திலிருந்து பார்க்கும் கோணத்தையும் சேர்த்துப் பார்த்தாள். இன்னொரு முழங்கால் வேண்டியிருந்தது. டாக்டர் சூவைப் படுக்க வைத்தாள்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து அவர் வெளியே வந்து, "எப்படி?" என்றார்.

"வேர் அருமையாத் தெரியுது டாக்டர். ஆனா ஜவ்வுல ஒரு பழைய கிழிசலும் தெரியுது."

"எனக்கா?"

"கேமரா விட்டு உறுதி பண்ணிரலாமா?"

"ஏய், போம்மா! வலிக்கவே இல்ல, அத எதுக்குத் தோண்டணும்!" என்று அவர் செருப்பைத் தேடினார். நகத்தைக் கடிக்கும் பியோன் அன்றுதான் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த ஏப்ரலில் பாங் யோங்நியோ வந்தாள். ஐம்பத்தேழு வயது, ஜிந்தோங்காரி, கழி ஊன்றி நடந்தாள். வேறு இரண்டு இடங்களில் காட்டியிருந்தாள். வயசானால் தேய்மானம் இருக்கத்தான் செய்யும் என்று இரண்டு இடத்திலும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"எப்போலேருந்து அக்கா?" என்று கேட்டாள் கும்சுன்.

"மார்ச் ஒம்போதாந்தேதி, காலைல ஏழரை மணி."

"மணி கூட ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? கூடையத் தள்ளி வெக்க எந்திரிச்சேன், முட்டிக்குப் பின்னால 'டுக்'குனு ஒரு சத்தம். பக்கத்துல இருந்தவளுக்கே கேட்டுச்சு. தேய்மானமாம், தேய்மானம்! தேயறது சத்தம் போட்டுக்கிட்டா தேயும்?"

கும்சுனுக்குச் சிலிர்த்தது. சட்டென்று சத்தத்தோடு அறுந்ததா, மெல்ல மெல்ல வலித்ததா: அந்த மூன்று பெண்களின் கோப்பிலும் யாரும் எழுதாமல் விட்ட கேள்வி இதுதான். மெல்லிய வில்லைகளாக எடுத்தாள். வேர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பிளவு. பியோன் பார்த்துவிட்டு, "அறுந்திருக்கு" என்று எழுதினார்.

ஆபரேஷன் அன்று டாக்டர் சூ கும்சுனையும் உள்ளே வரச் சொன்னார். படங்களை விளக்குப்பெட்டியில் மாட்டிவிட்டு அவள் சுவரோரமாக நின்றாள். கேமரா உள்ளே போனது. திரையில் ஜவ்வு வழுவழுவென்று, எந்தக் குறையும் இல்லாமல் தெரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் டாக்டர் சூ. தப்பாக எடுத்துவிட்டோமோ, ஒன்றுமில்லாத இன்னொரு முழங்காலைத் தன் படமே திறக்க வைத்துவிட்டதோ என்று கும்சுன் ஒரு கணம் பயந்தாள். விளக்குப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிளவு அங்கேயேதான் இருந்தது.

"இன்னும் பின்னால டாக்டர். எலும்பு உருண்டையா இருக்கு பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம். ஏழு மில்லிமீட்டர்."

அவர் காலை லேசாக வெளிப்பக்கம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கேமராவைச் சாய்த்து, கொக்கியை இடுக்கில் நுழைத்து, ஜவ்வின் முனையை மெதுவாக இழுத்தார். எலும்போடு ஒட்டியிருக்க வேண்டிய முனை, பூட்டாத கதவு மாதிரி அப்படியே திறந்துகொண்டு வந்தது.

"இருக்கு" என்றார் அவர். பிறகு அறைக்கே கேட்கும்படி, "தாக் கும்சுன் சொன்ன இடத்துலயே இருக்கு" என்றார்.

எலும்பில் மெல்லிய துளை போட்டு, நூலை அதன் வழியே இழுத்து, வேரைத் திரும்ப அதன் இடத்தில் கட்டினார். மறுநாள், ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று சொன்னதற்கு யோங்நியோ படுத்தபடியே சண்டைக்கு வந்தாள்.

"ஆறு வாரமா? சீசனே முடிஞ்சிரும்! என் கத்திய எவளாவது எடுத்துக்குவா!"

"எடுத்தா நான் வந்து வாங்கித் தரேன்" என்றாள் கும்சுன்.

அந்த இலையுதிர் காலத்தில் தேகு நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் இந்த முழங்கால்களைப் பற்றிய கட்டுரையை டாக்டர் சூ படிப்பதாக இருந்தது. மேடை ஏறியவர் மைக்கைப் பிடித்து, "இதைச் செஞ்சது நான் இல்ல" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் வரிசையில் இருந்த கும்சுனைக் கூப்பிட்டார். அவள் முகம் சிவக்க ஏறிப் போனாள். பேசத் தொடங்கியதும் குரல் வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார்: "கடைசில எதம்மா சரி? ஸ்கேனா, கேமராவா?"

"நூத்துல இருபது பேருக்கு ஆபரேஷனே வேண்டாம்னு ஸ்கேன் சொல்லிடுது சார், அவங்க வீட்டுக்குப் போயிடலாம். அது கோட்டை விட்ட நாலு பேர கேமராதான் கண்டுபிடிச்சுது. ஆனா பாங் அக்கா முழங்கால்ல கேமராவே தாண்டிப் போயிருக்கும், படம் இல்லைன்னா. எந்தப் பக்கத்துக்கும் நான் கை தூக்க மாட்டேன். நோயாளிகிட்ட எப்படி ஆச்சுன்னு முதல்ல கேளுங்க. அது ரெண்டுக்கும் முன்னால."

பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

மறு வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்சுன் ஜிந்தோங்குக்குப் போனாள். யோங்நியோ கழி இல்லாமல் நடந்து வந்து, கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துப் போனாள். முப்பது பெண்கள் ஈரத் தரையில் குத்தவைத்துச் சீவிக்கொண்டிருந்தார்கள். கும்சுன் அவர்கள் முழங்கால்களைத்தான் பார்த்தாள். கொட்டகைக்காரரைக் கூப்பிட்டு, இடுப்பு உயரத்துக்கு மேஜை போட்டால் இவர்கள் நின்றுகொண்டே சீவலாம் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். யோங்நியோ தன் கத்தியை எடுத்து நிலத்தில் குத்தி நிறுத்திவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்தார்கள். "அட, போடறேன், போடறேன்!" என்றார் அவர்.

அந்த வருஷமே ஜிந்தோங்கில் இரண்டு கொட்டகைகளுக்கு மேஜை வந்தது. மூன்றாவது கொட்டகைக்காரர் இடமில்லை என்று மறுத்துவிட்டார். கும்சுன் அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்க மறுபடி பஸ் ஏறினாள். கையில் ஒரு பெரிய கவர் இருந்தது. உள்ளே, அவருடைய கொட்டகைப் பெண்கள் ஆறு பேர் சம்மதித்துக் கொடுத்தனுப்பிய அவர்களுடைய முழங்கால் படங்கள்.