தகரத்துக்கு வரும் கழுகு

நபாருவுக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றியது. பாரிங்கோ ஏரியில் மற்றவர்களின் படகுகள் எல்லாம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்க, அவள் வீட்டுப் படகு மட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. நீர்யானை முட்டி இடுப்பொடிந்த அவள் புருஷன் லெகோசெக், குடிசைக்குள் படுத்தபடியே ஊர் நியாயம் பேசிக்கொண்டிருந்தான்.

ஏரி பார்க்க வரும் விருந்தாளிகளை ஏற்றிச் செல்ல, படகோட்டிகள் சங்கத்தில் ஒவ்வொரு படகுக்கும் வரிசைப்படி ஒரு முறை உண்டு. மழை தொடங்கும்வரை ஓடாத படகு முறையை இழந்துவிடும். இழந்தால் இழந்ததுதான். மேற்கு மலைமேல் மேகம் கூட ஆரம்பித்திருந்தது.

அவளுக்குப் படகோட்டத் தெரியாதா? லெகோசெக் காய்ச்சலில் கிடந்த நாட்களிலெல்லாம் விருந்தாளிகளைக் கூட்டிப் போய், முதலை படுத்திருக்கும் மணல் திட்டைக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவள் அவள்தான். அப்போதெல்லாம் சங்கத்தின் கண்ணில் அது படவில்லை.

சங்கத் தலைவர் லெகிபைகா, லெகோசெக்கின் சித்தப்பா. வேலமரத்தடியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"நீ ஓட்டுவே, நான் இல்லேங்கல மருமகளே. கழுகை எப்படிக் கூப்பிடுவே?"

விருந்தாளிகள் வருவதே அந்தக் கூத்தைப் பார்க்கத்தான். படகோட்டி விசிலடிப்பான். தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தின் உச்சியிலிருந்து மீன்கழுகு எட்டிப் பார்க்கும். மீனை வீசினால் பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு போகும். செத்த மீன் அமிழ்ந்துவிடுமே என்று அதன் வாய்க்குள் தக்கைபோல் மிதக்கும் ஒரு துண்டு நெட்டியைச் செருகி வீசுவார்கள்.

"எல்லாரும் கூப்பிடுற மாதிரிதான். விசிலடிப்பேன்."

"பொம்பளை விசிலடிச்சா வீட்டுக்குள்ள பாம்பு வரும். தெரியாதா உனக்கு?"

"ஏரி ஏறி வந்து பாதி ஊரை முழுங்கிடுச்சே, அது யாரு விசிலடிச்சு வந்துச்சு மாமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. தலைவரின் முகம் இறுகிவிட்டது.

நபாரு எழுந்து மீன் கழுவும் கல்லுக்குப் போனாள். தினமும் அங்கே உட்கார்ந்துதான் மீன் நறுக்குவாள். கத்தியில் ஒட்டிய செதிலை உதறத் தகரத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு. குடலை எடுத்துத் தண்ணீரில் எறிவாள். அந்தச் சத்தத்துக்குப் பட்டமரத்துக் கழுகு எப்போதோ பழகியிருந்தது. இப்போது, எல்லாரும் பார்க்கத் தட்டினாள். நெட்டி செருகிய மீனை வீசினாள். கழுகு தலைவரின் தொப்பிக்கு மேலேயே பறந்து போய் மீனைக் கவ்வியது.

"அது மீன் நாத்தத்துக்கு வந்துச்சு" என்றார் அவர். பிறகு இரக்கப்பட்டவர் மாதிரி சொன்னார்: "சரி, உன் வயித்துல அடிப்பானேன்? உங்க படகே போகட்டும். உன் கொழுந்தன் லெமாரோன் ஓட்டுவான். முறையை அவன் பேர்ல எழுதிடறேன். நீ முன்னால உக்காந்து தகரம் தட்டு."

கழுகு அவளுடையது, படகு அவளுடையது, முறை மட்டும் லெமாரோனுடையதாம்! வீட்டுக்கு வந்து சொன்னபோது லெகோசெக் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"ஒத்துக்கோ. கெடக்கற படகு ஓடுமில்ல?"

"உன் இடுப்பை மட்டும்தான் நீர்யானை ஒடிச்சுதுன்னு நெனச்சேன்" என்றாள். சொன்ன பிறகு பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் தணியவில்லை.

மறுநாள் நைரோபியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நீளமான கேமராக்களோடு வந்தார்கள். நபாரு எப்போதும்போல விடியலிலேயே நெட்டி நறுக்கி, இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். மீனுக்கு நெட்டி செருகிய பிறகுதான் படகோட்டி கரையைவிட்டுக் கிளம்புவான், அது அவன் பொறுப்பு. லெமாரோன் மீன் கூடையை அப்படியே தூக்கிப் படகில் போட்டுவிட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தான். அண்ணிதான் கூட வருகிறாளே, செய்திருப்பாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

"அண்ணி, பாத்துத் தட்டுங்க. இன்னொரு நீர்யானை வந்துடப் போகுது!" என்று அவன் துறையே கேட்கும்படி சிரித்தான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பட்டமரங்களுக்கிடையே போனதும் லெமாரோன் இன்ஜினை நிறுத்திவிட்டு, பெருமைக்கு நீளமாக ஒரு விசில் அடித்தான். கழுகு இறகைக் கோதிக்கொண்டிருந்தது. இன்னொரு விசில். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தட்டுங்க அண்ணி."

இரண்டு தட்டு. பொறுத்து ஒரு தட்டு. கழுகு கழுத்தை நீட்டியது. கேமராக்கள் உயர்ந்தன.

"வீசுங்க, வீசுங்க!" என்று லெமாரோன் அவசரப்படுத்தினான்.

வீசினாள். மீன் வெள்ளையாக ஒருமுறை மின்னிவிட்டு அமிழ்ந்தது. கழுகு நீட்டிய காலோடு தண்ணீரைத் தொட்டு, வெறுங்காலோடு எழும்பி மரத்துக்கே திரும்பிப் போயிற்று.

"என்ன ஆச்சு? மீன் எங்கே?" என்று அந்தப் பெண் கேமராவை இறக்கினாள்.

லெமாரோனுக்கு வேர்த்துவிட்டது. "நெட்டி போடலியா அண்ணி?"

"அது படகோட்டி வேலையாச்சே. நான் தகரம் தட்ட வந்தவதானே?"

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கணவன் முணுமுணுத்தான். கரையில் லெகிபைகா கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. கூடையில் இன்னும் ஒரே ஒரு மீன் இருந்தது.

லெமாரோன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, உங்ககிட்ட நெட்டி இருக்கும். எனக்குத் தெரியும். குடுங்க. மானம் போகுது."

"இருக்கு" என்றாள் நபாரு. தகரத் தட்டை மடியிலிருந்து எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். "மொதல்ல நீ இன்ஜின்கிட்டேருந்து எந்திரி. வந்து இதைப் பிடி."