உயிருள்ள நண்டின் நிறம்

ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம், பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் பால் வாங்கப் போனேன். பில் போடும் பெண்ணின் முதுகில் தேனீயின் இறக்கைகள் இருந்தன. முகத்தில் சிரிப்பில்லை. எப்போதும்போல் ரசீது வேண்டுமா என்று கேட்டாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். தலையில் சேவல் கொண்டை. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பாலை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். ரைன் ஆற்றங்கரை ஊர்களில் தவக்காலத்துக்கு முந்தைய வாரம் இப்படித்தான் இருக்கும் என்று பிறகு தெரிந்தது. தூத்துக்குடியில் நாங்களும் கத்தோலிக்கர்கள்தான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வோம், நாற்பது நாளும் ஒறுத்தல் இருப்போம். ஆனால் அதற்கு முன்னால் இப்படியொரு கூத்து உண்டென்று எங்கள் பங்கில் யாரும் சொன்னதில்லை. நோன்பை மட்டும் கப்பலேற்றி எங்களிடம் அனுப்பிவிட்டு, கூத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இந்த வருடம் அந்தக் கூத்து எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. மகள் ஜெனிக்கு ஐந்தரை வயது. இங்கே ‘கிட்டா’ என்று சொல்லும் பாலர் பள்ளிக்குப் போகிறாள். வியாழனன்று பிள்ளைகள் எல்லாரும் வேடமிட்டு வரவேண்டும் என்று ஜனவரியிலேயே வாசலில் தாள் ஒட்டிவிட்டார்கள். மற்ற அம்மாக்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனார்கள். நான் படம்பிடித்து வந்து மூன்று முறை படித்தேன். எனக்கு அது கொண்டாட்ட அறிவிப்பாகத் தெரியவில்லை, பரீட்சைத் தேதியாகத் தெரிந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. ஜெனி அந்தப் பள்ளியில் ஒன்றரை வருடமாக வாய் திறக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், காட்டச் சொன்னால் விரலால் காட்டுவாள், அவ்வளவுதான். வீட்டில் அவள் வேறு பிள்ளை. சப்பாத்தைக் கழற்றும் முன்பே தொடங்குகிற பேச்சு, தூங்கும்வரை ஓயாது. இட்லிக்கு ஏன் ஓட்டை, அப்பாவுக்கு ஏன் காதில் முடி, ஐஸ் விழும்போது மீனெல்லாம் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆசிரியை ஃபிராவ் வெபர் நல்ல பெண்மணி. மார்ச் மாதம் ஒரு சந்திப்பு இருக்கிறது, ஜெனி இந்தக் கோடைக்குப் பின் முதல் வகுப்புக்குப் போகலாமா, இன்னொரு வருடம் கிட்டாவிலேயே இருக்க வேண்டுமா என்று அப்போது முடிவெடுப்போம் என்றார். ஒரு வருடம் பிந்துவதில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். எனக்கு அதில் நிறைய இருந்தது. வீட்டில் தமிழ் பேசியதுதான் தப்போ? பிள்ளை பிறந்ததிலிருந்தே ஜெர்மன் பேசியிருக்க வேண்டுமோ? சக தமிழ்க்காரர் ஒருவர் அப்படித்தான் உறுதியாகச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டை முழுக்க ஜெர்மனில் நடத்தினோம். எங்களுக்குத் தெரிந்த ஜெர்மனில் "உப்பு தாருங்கள்", "நன்றி" இரண்டையும் சொல்லி முடித்ததும் மேசையில் பேச்சு தீர்ந்துபோனது. ஜெனி சோற்றைப் பிசைந்துகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழாம் நாள் என் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏளா, வீடு மருத்துவமனை மாதிரில்லா இருக்கு" என்றார். அன்றோடு அதை விட்டுவிட்டோம். எல்லாரும் சிரித்தோம். ஆனால் விட்டது சரிதானா என்று பிறகும் பல நாள் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வேடம் என்றதும் நான் இன்னொரு காரியமும் செய்தேன். நம் ஊரில் வேடமிட்டால் பேச வேண்டும். மாறுவேடப் போட்டி என்றால் மேடை உண்டு, மைக் உண்டு, நடுவர்களாக மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். வாடகைக்கு எடுத்த உடையில் பிள்ளை ஏறி, நான் யார், எனக்கு என்ன வேலை, என்னால் உலகுக்கு என்ன நன்மை என்று ஒப்பிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் நான் நர்ஸாக ஏறினேன். வணக்கம் சொன்னதோடு எல்லாம் மறந்தது. முன்வரிசையிலிருந்து அம்மா வாயசைத்துக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஜெனிக்கு அந்த நிலை வரக்கூடாது. அதனால் ஜெர்மனில் மூன்றே வாக்கியம் எழுதினேன். மாடி வீட்டுக்காரப் பெண்மணியிடம் கொடுத்து இலக்கணம் சரிபார்த்தேன். தினமும் குளிப்பாட்டும்போது சொல்லிக் கொடுத்தேன். ஜெனி கேட்டுக்கொள்வாள். திருப்பிச் சொல்ல மாட்டாள்.

எத்தனை மணிக்கு அவள் பேச வேண்டும் என்று ஃபிராவ் வெபரிடம் கேட்டும்விட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பேசவே வேண்டியதில்லை, யாரும் வற்புறுத்த மாட்டார்கள், நீங்கள் பயப்படாதீர்கள் என்றார். நான் நிகழ்ச்சி நிரல் கேட்டேன், அவர் ஆறுதல் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன வேடம் என்பதில் மட்டும் வீட்டில் வாக்குவாதமே இல்லை. நண்டு என்று ஜெனி முன்பே முடிவு செய்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் அக்கா வீட்டில் தங்கினோம். அத்தான் காலையில் எங்களைத் திரேஸ்புரம் கரைக்குக் கூட்டிப்போனார். நண்டு வலையை மணலில் விரித்துப் போட்டு ஆறேழு பேர் உட்கார்ந்து, சிக்கிய நீல நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெனி முன்பின் தெரியாத ஓர் அம்மாள் பக்கத்தில் போய்க் குந்திவிட்டாள். இது ஆணா பெண்ணா, இதுக்குப் பல்லு எங்கே, இது அழுமா என்று தொடங்கினாள். அந்த அம்மாள் கையை நிறுத்தாமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "ஏளா, ஒம் மவளா இவ? வலையில கெடக்க நண்டுகூட நம்மள விட்டா போதும்னு பாக்கு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெனியும் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். இந்தப் பிள்ளையையா பேசாத பிள்ளை என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் ஈர மணலில் நின்றேன்.

தைப்பதற்கு உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது, நிறத்தில். இங்கே படப்புத்தகத்தில், பொம்மையில், மீன்கடைப் பலகையில், எங்கே பார்த்தாலும் நண்டு சிவப்பு. நானும் சிவப்புத் துணி வாங்குவதாகத்தான் இருந்தேன். ஜெனி புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அது செத்த நண்டும்மா. சட்டியில போட்டது."

நான் என் கணவரைப் பார்த்தேன். சிவப்பென்றால் எல்லாருக்கும் உடனே புரியும். புரியாத உடையோடு பேசாத பிள்ளையை அனுப்பலாமா? அவர் எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பையை இறக்கினார். பம்பு ஆலையில் வேலைக்குச் சேரும் முன் எட்டு வருடம் அவர் கப்பலில் இருந்தவர். அந்தக் காலத்தில் எஞ்சின் அறையில் கழுத்திலிருந்து கால்வரை போட்ட நீலப் பாய்லர் சூட் அதற்குள் இருந்தது. இரண்டு முறை துவைத்தும் எண்ணெய் வாசம் போகாத துணி. இதை வெட்டலாமா என்று மூன்று தடவை கேட்டேன். "வெட்டு. இனி நான் கப்பலுக்கா போவப் போறேன்?" என்றார். சொல்லிவிட்டு, பையிலிருந்த கப்பல் தொப்பியை மட்டும் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். வெளியே மழையும் பனியும் கலந்து பெய்தது. குசினி மேசையில் தையல் மெஷின். பிளஸ் டூ விடுமுறையில் சிஸ்டர்மார் நடத்திய தையல் வகுப்பில் படித்ததற்குப் பிறகு, இவ்வளவு தடிமனான துணியை நான் தொட்டதில்லை. இரண்டு ஊசி முறிந்தது. முதுகு ஓட்டுக்குள் பழைய போர்வையை வைத்துத் தைத்தேன். வெள்ளைத் தலையணை உறையிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி, ஓரம் மடித்து, புள்ளிகளாக ஒட்டுப் போட்டேன். பக்கத்துக்கு நான்கு கால். கடைசிக் கால் துடுப்புபோல் தட்டையாக இருக்க வேண்டும் என்று ஜெனி தாளில் வரைந்தே கொடுத்தாள். ஜோடி இழந்த காலுறைகளையெல்லாம் கால்களுக்குள் திணிக்கும் வேலை அவளுக்கு. என் கணவர் நைலான் நரம்பால் ஒரு பக்கத்துக் கால்களை ஒன்றோடொன்று கோத்து, மணிக்கட்டில் கட்டும்படி முடிச்சுப் போட்டார். கையைத் தூக்கினால் அந்தப் பக்கத்து நான்கு காலும் சேர்ந்து எழும். கொடுக்குக்குக் கையுறை. கண்ணுக்கு இரண்டு பிங்பாங் பந்து. சமைக்க நேரமில்லாமல் முட்டையைப் பொரித்துச் சோற்றோடு தின்றோம். போட்டுப் பார்த்தபோது ஜெனி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடினாள். என் கணவர் சோபாவில் ஏறி நின்றுகொண்டு, கவ்விவிடாதே என்று கெஞ்சினார். நான் உடையைத் திருப்பி உட்புறத் தையலைப் பார்த்தேன். நேராக இருந்தது. என் வேலையைப் பார்த்து நானே திருப்திப்பட்டது எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான்.

வியாழன் காலை அவளைக் கொண்டுபோய் விட்டேன். மேடை இல்லை, மைக் இல்லை, நாற்காலி வரிசை இல்லை. அம்மாக்கள் வாசலோடு திரும்பிவிட வேண்டும். நான் சொல்லிக் கொடுத்த மூன்று வாக்கியத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒரு தாய் உடையைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்றாள். நானே தைத்தேன் என்றதும் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்தையலைக் காட்டினாள். எனக்குக் காது சூடானது. அதே மூச்சில், எவ்வளவு அழகான சிலந்தி என்றாள். ‘ஷ்பின்ன’ என்றால் சிலந்தி. திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது. வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். சிவப்பில் தைத்திருக்கக் கூடாதா? வாய் திறக்காத பிள்ளையை நாள் முழுக்கச் சிலந்தியாக்கி விட்டுவிட்டு வந்தேனே.

பதினொரு மணிக்கு ஃபிராவ் வெபர் போன் செய்தார். ஜெனியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், வர முடியுமா என்றார். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். சண்டையோ, அழுகையோ, விழுந்துவிட்டாளோ என்று வழி முழுக்க வரிசை கட்டியது மனம்.

அவர் என்னைத் தன் அறையில் உட்கார வைத்தார். இளவரசி வேடமிட்ட சிறுமி முதலில் சிலந்தி என்றிருக்கிறாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தியபோது, இதோ நம் சிலந்தி என்று தானும் சொல்லிவிட்டதாக ஃபிராவ் வெபர் தலைகுனிந்தார். அப்போது ஜெனி எழுந்து நின்றாளாம்.

"நைன்" என்றாளாம், இல்லை என்று. "நான் சிலந்தி இல்லை. நான் நண்டு. உயிரோடு இருக்கிறேன். ரோட் இஸ்ட் டோட்."

சிவப்பென்றால் செத்தது. ஒன்றரை வருடத்தில் அந்த அறையில் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. அதோடு நிற்கவும் இல்லையாம். வலையில் எப்படி மாட்டும், பின்பக்கமாக எப்படிப் பிடிக்க வேண்டும், ஓட்டை எப்படிப் பிளக்க வேண்டும், மிளகு போட்டு எப்படி வேகவைக்க வேண்டும், நிறம் எப்போது மாறும் என்று கால் மணி நேரம் சொல்லியிருக்கிறாள். வேகவைப்பதைச் சொன்ன இடத்தில் இளவரசி அழுதிருக்கிறாள். அதைப் பற்றித்தான் கூப்பிட்டேன், அவள் அம்மா உங்களிடம் ஏதாவது கேட்கலாம் என்றார். நான் பழக்கதோஷத்தில் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. நண்டு உண்மையிலேயே நீலமா என்று சின்னக் குரலில் கேட்டார். கைபேசியில் திரேஸ்புரத்துப் படத்தை எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். மேசையிலிருந்த கோப்பைத் திறந்து, மார்ச் சந்திப்புக்காகப் பென்சிலால் எழுதி வைத்திருந்த ஒரு வரியை என் கண் முன்னாலேயே அழித்தார். மறுபடியும் ஒரு வருடம் என்ற பேச்சை இனி நான் எடுக்கப் போவதில்லை என்றார். இத்தனை விவரமாகச் சொல்ல எங்கே கற்றாள் என்றும் கேட்டார். வீட்டில், தமிழில் என்றேன். அதைச் சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்திருந்தது எனக்கே தெரிந்தது.

ஜெனியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன், அம்மா சொல்லிக் கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று.

"அது தப்பும்மா. எட்டுக் காலுன்னு எழுதிருக்க. கொடுக்கையும் சேத்தா பத்துல்லா."

இலக்கணத்தைச் சரிபார்த்த நான் காலை எண்ணிப் பார்க்கவில்லை.

நடைபாதை ஈரமாக இருந்தது. ஜெனியின் கோட்டை அந்த உடைமேல் பூட்ட முடியவில்லை, தோளில் போர்த்திவிட்டிருந்தேன். சன்னலுக்குள்ளிருந்து நாலைந்து பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு ‘கிராப்ப, கிராப்ப’ என்று கத்தினார்கள். நண்டே, நண்டே. ஜெனி இடது கையைத் தூக்கி ஆட்டினாள். இடப்பக்கத்து நான்கு காலும் ஒன்றாக எழுந்து அவர்களைப் பார்த்து ஆடின. சத்தமாக ஜெர்மனில் ஏதோ பதில் சொன்னாள். வேகமாகச் சொன்னதால் எனக்குப் புரியவில்லை. அவர்கள் சிரித்தார்கள். அவளுடைய வலது கொடுக்கு என் கைக்குள் இருந்தது. அந்தப் பக்கத்து நான்கு காலும் என் இடுப்போடு நசுங்கிக் கிடந்தன.

"மெதுவா நடம்மா," என்றாள் சன்னலிலிருந்து கண்ணெடுக்காமல். "இந்தப் பக்கத்துக் கால நசுக்குற."