அக்கா ஆட்டிப் பார்த்த ஜாக் ஸ்டாண்டுகள்

டூல்ஸ் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு ‘வேண்டாம் அக்கா’ என்று பெயர் வைத்தவர்கள் மெக்கானிக்குகள். யாராவது ஒன்றைக் கைகாட்டினால், “உங்க வண்டிக்கு அது வேண்டாம்ணே” என்று சொல்லிவிட்டு வேறொன்றை எடுப்பாள். கடை அவளுடைய அக்கா கணவருடையது. “நீ எனக்கு மச்சினியா, எதிர்க்கடைக்காரனுக்கு மச்சினியா?” என்று அவர் கேட்காத வாரம் கிடையாது.

ஆரம்பத்தில் அவள் அப்படி இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். தம்பி அடிபட்ட பிறகு மாறிப்போனாள்.

தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன். வண்டியின் சில்லறை வேலைகளை வீட்டு வாசலில் அவனே பார்த்துக்கொள்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரை ஜாக்கில் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, பக்கத்தில் செங்கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் புகுந்தான். ஜாக்கில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. வண்டி மெல்ல மெல்ல இறங்கிச் செங்கல்மேல் உட்கார்ந்தது. செங்கல் பொடிந்தது. கழற்றிய சக்கரம் வண்டிக்கு அடியில் பாதி நுழைந்து கிடந்ததால் கார் அதன்மேல் விழுந்து நின்றது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் அவள்தான். வெளியே தெரிந்த கால்கள் இரண்டும் அசையவில்லை.

“டேய், பேசுடா!”

“கத்தாத. மூச்சு வாங்கிக்கிறேன்” என்றான்.

அக்கம்பக்கத்தார் வண்டியைத் தூக்கி அவனை இழுத்தெடுத்தார்கள். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் கடைக்கு வந்ததும் அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஜாக் ஸ்டாண்டுகளை எடுத்துக் கண்ணெதிரே வைத்தாள். முக்காலி போல அடி விரிந்து நிற்கும் இரும்புத் தாங்கிகள் அவை. “ஜாக்கு தூக்கறதுக்கு மட்டும்தாண்ணே. தாங்கறதுக்கு இதுதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வண்டி எடை என்னவென்று கேட்பாள். அதற்குத் தாராளமாகத் தாங்குவதைத்தான் கொடுப்பாள். நடுத்தண்டை மேலே இழுத்து, அதன் பற்களில் கொக்கி முழுசாக விழுகிறதா, நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். வெல்டிங்கை விரலால் தடவுவாள். சாயம் தடித்திருந்தால் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்று சுரண்டுவாள். கொக்கி நழுவினாலும் பிடித்துக்கொள்ள, குறுக்கே இரும்பு ஊசி போட்டுப் பூட்டும் ரகமாக இருந்தால் முகம் மலரும்.

சிலர் அலுத்துக்கொண்டார்கள். சிலர் அவளிடம்தான் வாங்குவேன் என்று நின்றார்கள்.

பிறகு ஒருநாள் மாமா புதுச் சரக்கு இறக்கினார். பளபளவென்று சிவப்புச் சாயம், விலையும் மலிவு. அவள் ஒன்றை எடுத்துத் தண்டை மேலும் கீழும் ஆட்டினாள், லொடலொடவென்றது.

“மாமா, இத விக்க வேண்டாம்.”

“தொடங்கிட்டியா? எல்லாக் கடையிலயும் இதான் ஓடுது.”

“அப்ப நம்ம காரையே ஏத்திப் பாப்போம். அடியில யாரும் போக வேண்டாம்.”

அவருக்குக் கோபம் வந்தாலும் சாவியை எடுத்தார். கடைக்குப் பின்னால் சிமென்ட் தரையில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கிச் சக்கரங்களைக் கழற்றி, இரண்டு ஸ்டாண்டுகளில் இறக்கினார்கள். அவள் ஒரு பழைய டயரை அடியில் தள்ளினாள். மாமா பம்பரில் கை வைத்து ஓர் ஆட்டு ஆட்டினார். ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா?” என்று சிரித்துவிட்டு இன்னும் பலமாகத் தள்ளினார். டக்கென்று ஒரு சத்தம். இடப்பக்கத் தண்டு சரிந்து, வண்டி தொப்பென்று டயரின்மேல் உட்கார்ந்தது.

மாமா வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில்தான் ஒரு ஜோடியை வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

சரக்கு கொடுத்தவருக்குப் போன் போட்டு, தண்டு நழுவுகிறது என்றார். “திருப்பி அனுப்புங்கண்ணே, பிரச்சினையே இல்ல. வேற கடைக்குத் தள்ளிவிட்டுடறேன்” என்றார் அவர். மாமா போனை வைத்தார். அவள் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். மாமாவே பக்கத்துப் பட்டறை வெல்டரைக் கூப்பிட்டு, “எல்லாத்தையும் கால் வேற, தண்டு வேறயா அறுத்துப் போடுப்பா” என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவளுடைய அக்கா இருவரையும் பிடித்துக்கொண்டாள். “மாமனும் மச்சினியும் சேர்ந்து கடைய இழுத்து மூடிடுங்க. காசு போட்டு வாங்கினத யாராவது அறுத்துப் போடுவாங்களா?”

மாமா தட்டிலிருந்து நிமிராமல் காரில் நடந்ததைச் சொன்னார். அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“அடியில யாரும் இல்லல்ல?”

“இல்ல.”

“காரு?”

“கொஞ்சம் நசுங்கியிருக்கு.”

அக்கா தங்கையின் தட்டில் முதலில் பரிமாறிவிட்டு, பிறகு அவருக்கு வைத்தாள்.