நைனாவைத் தேடி வந்த எல்சா அத்தை

கடலைப் புண்ணாக்கு வாசனையும் குரூடாயில் வாசனையும் கலந்து ஒரு நெடி அடிக்கும்... அதுதான் என் நைனா.

செஞ்சியில் எண்ணெய் மில்லில் வேலை. எவ்வளவு சோப்பு போட்டுக் குளித்தாலும் அந்த நெடி அவரை விட்டுப் போகாது.

நைனா ஜெர்மன்காரர். பெயர் ஹைன்ரிச். அந்தப் பெயர் எங்கள் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. "இஞ்சின் தொர" என்றுதான் கூப்பிடுவார்கள்.

யுத்தத்துக்கு முன்னால், மில்லுக்கு எஞ்சின் மாட்டிக்கொடுக்க வந்தவர். அங்கே கடலை உடைக்க வந்துகொண்டிருந்த முனியம்மாவை, அதாவது என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா சேரிப் பெண். தொரை சேரியில் போய்க் குடியிருக்கிறார் என்று பஜார் முழுக்க ரொம்ப நாள் இதே பேச்சாம்.

முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்புறம் யுத்தம் வந்தது. எதிரி நாட்டுக்காரர் என்று நைனாவைப் பிடித்துக்கொண்டுபோய் எங்கோ வடக்கே ஒரு கேம்ப்பில் அடைத்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து கப்பலேற்றி அனுப்பப் பார்த்தபோது, என் குடும்பம் இங்கே இருக்கிறது என்று மன்றாடித் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் குழந்தை இல்லை. காய்ச்சலில் போய்விட்டிருந்தது.

அதற்கப்புறம் பிறந்தவள் நான்.

அறுபதுகளின் நடுவில் நைனாவுக்கு நெஞ்சு நோய் முற்றிவிட்டது. ஜெர்மனியில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே கூடப்பிறந்தவர் அக்கா எல்சா. தம்பிக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்ததும் அத்தை கப்பலேறிவிட்டார். ஆனால் நைனாவால் அதுவரை தாங்க முடியவில்லை. நாங்கள் தந்தி அடித்தபோது அத்தை நடுக்கடலில் இருந்தார்.

திண்டிவனம் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெயிலில் சிவந்த முகம்... அப்படியே நைனாவின் மூக்கு. எங்களில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி மரியாதையாக, "ஃபாதர் இஸ் நோ மோர்" என்றேன்.

அத்தைக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். "நோ மோர்... வாட்?" என்று கேட்டார்.

"டெட்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் நடுவில்.

அன்று சாயங்காலமே நைனாவைப் புதைத்த இடத்துக்கு அழைத்துப் போனோம். எங்கள் சேரிச் சுடுகாடு. வேலிகாத்தான் முள்ளும், மழையில் கரைந்த மண்மேடுகளும். கல் இல்லை, பெயர் இல்லை. அத்தை முகம் வெளுத்துவிட்டது. கூட வந்திருந்த மில் முதலாளி மெதுவாகச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல. பாண்டிச்சேரியில வெள்ளக்காரங்க கல்லறை இருக்குது. பர்மிஷன் நான் வாங்கித் தரேன். தொரைய அங்க மாத்திடலாம்னு சொல்லும்மா."

சொன்னேன். அத்தை தலையை ஆட்டினார். "யெஸ். ப்ளீஸ்."

அம்மாவிடமும் அதைச் சொன்னேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் என்னை எழுப்பினாள். "உங்க அத்தைய கூட்டினு வா. இன்னொரு வாட்டி போயிட்டு வந்துடலாம்."

சுடுகாட்டில் நைனாவின் மேட்டுக்குப் பக்கத்தில் அம்மா குனிந்து முள்ளை விலக்கினாள். அங்கே இன்னொரு மேடு. சின்னது. தரையோடு தரையாகிவிட்டிருந்தது.

"இது லீனா. உங்க நைனாவுக்கு மொத கொழந்த. அத்தகிட்ட சொல்லு."

நான் சொல்வதற்குள் அத்தை திரும்பிவிட்டார். "லீனா?"

அது அவருடைய அம்மாவின் பெயர்.

அம்மா நிறுத்தாமல் பேசினாள். "கொழந்த போனப்ப அவரு கேம்ப்ல இருந்தாரு. ஒரு புடி மண்ணு போட முடியல. திரும்பி வந்ததும் வூட்டுக்குக்கூட வரல, நேரா இங்க வந்து உக்காந்தாரு. நான் செத்தா இவ பக்கத்துல போட்டுடுன்னாரு. அதான் போட்டேன். இப்ப எடுத்துனு போறதுன்னா போவட்டும். அவுங்க கூடப் பொறந்தவங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா கொழந்தைய மட்டும் தனியா வுட்டுட்டுப் போவக்கூடாது. ரெண்டு பேரையும் சேத்து எடுத்துனு போவச் சொல்லு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் திக்கித் திக்கிச் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. முழுசாகச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியாது.

அத்தை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்ன மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

அம்மா கை கொடுத்து எழுப்பினாள்.

ஊருக்குத் திரும்பும்வரை அத்தை எங்கள் குடிசையில்தான் தங்கினார். மில் முதலாளி தன் வீட்டு மாடியில் அறை ஒழித்துத் தருவதாகச் சொல்லியும் போகவில்லை. ஒரே பாயில் அம்மாவும் அவரும் படுத்துக்கொள்வார்கள். அம்மா தமிழில் ஏதோ சொல்வாள், அவர் ஜெர்மனில் ஏதோ சொல்வார்... அதற்கெல்லாம் என்னைக் கூப்பிடவில்லை.

திரும்பிப் போன அத்தையை அப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை; கடிதம் மட்டும் வரும். அத்தை, அம்மா இரண்டு பேருமே இன்று இல்லை. அம்மா லீனாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். சுடுகாட்டுக்கு இப்போது தார் ரோடு, காம்பவுண்டு சுவர், தண்ணீர்க் குழாய் எல்லாம் வந்துவிட்டன.

போன மாதம் என் பேத்தி மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால்... போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தையின் பேரன் வந்து அழைத்துப் போனானாம். இரண்டு பேரும் சிரித்தபடி நிற்கிற போட்டோ வாட்ஸப்பில் வந்திருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

இவ்வளவுதானா அந்தத் தூரம்... அன்றைக்கு அத்தையால் இப்படி வர முடிந்திருந்தால், நைனா தன் அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டே போயிருப்பார்.