மூச்சைத் துடைத்தவர்

வானொலி நிலையத்தில் எல்லாரும் அவரைத் துடைப்பம் என்றே அழைத்தார்கள். அவரும் அதை அரசு கொடுத்த பட்டம்போல ஏற்றுக்கொண்டார். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றி, இருமல், நாற்காலி முனகல், காகிதச் சரசரப்பு எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுவது அவர் உத்தியோகம். வீட்டில் மாமியார் பேசும்போதும் எங்கே வெட்டலாம் என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார். மாமியார் நலமாகத்தான் இருக்கிறார்.

ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே ஒரே ஒரு ஒலிநாடா: நால்வர் வாசித்த இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ உருகி உருகி எழுதி, உலகம் துளியும் உருகாமல் மறந்துபோன இசை. வாசித்த நால்வரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். நாடா ஒரேமுறை ஓடி, பழுப்புப் பொடியாக உதிர்ந்துவிட்டது. இனி அந்த இசைக்குப் பூமியில் இருப்பிடம் அவர் கணினி ஒன்றே.

கேட்டார். இதையா இத்தனை காலம் பூட்டி வைத்திருந்தார்கள்! தொடக்கத்தில் மட்டும் யாரோ 'ஸ்ஹ்' என்று மூச்சிழுக்கும் அசிங்கம். துடைத்தார். பழையதன் மேலேயே சேமித்தார். மறுபடி ஓடவிட்டார்.

இசை வரவில்லை.

அந்நாளைய ஒலிப்பதிவுக் கூடத்தின் மௌனம் வந்தது. ஒரு நாற்காலி முனகியது. யாரோ செருப்பை மெல்ல நகர்த்தினார்கள்.

ஒலிப்பதிவுக்காரப் பெண்ணை அழைத்தார்.

"என்னத்தண்ணே வெட்டுனீங்க?"

"ஒரு மூச்சும்மா. குப்பைதானே?"

"போச்சு! அதுதான் அவங்களுக்குச் சைகை. மொத வயலின்காரர் மூச்சிழுத்தாத்தான் மத்தவங்க வில்லைத் தந்தியில வைப்பாங்க."

"இப்ப?"

"காத்துக்கிட்டிருப்பாங்க."

"எவ்வளவு நேரம்?"

"செத்தவங்களுக்கு என்னண்ணே அவசரம்?"

சொல்லிவிட்டு அவளும் சிரிக்கவில்லை. துடைப்பம் மைக் முன்னால் உட்கார்ந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து, காலியான இடத்தில் ஒட்டினார். நால்வரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள், பசித்தவர்கள்போல.

மேலதிகாரிக்குப் பரம திருப்தி. "தினமும் போடுங்கய்யா!" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஒட்டுமூச்சு காதில் விழும்போதெல்லாம் துடைப்பத்தின் நெஞ்சு தானாக மூச்சை இழுக்கும். இசை தொடங்கினால்தான் விடும். மனைவிக்கும் பழகிவிட்டது. "இழுத்துட்டீங்களா? இருங்க, இப்ப வந்துருவாங்க" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசை. அடுத்த வீட்டு ரேடியோவில் அவருடைய மூச்சு கேட்டது. அவர் நெஞ்சு விம்மி நின்றது.

"எப்பப் பாரு இந்த ஒப்பாரி!" என்று அடுத்த வீட்டுக்காரர் பட்டென்று அணைத்தார்.

மனைவி எழுந்து ஓடினாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"போடுங்க சார்! சீக்கிரம் போடுங்க!"

"அடடே, உங்களுக்கு இந்த மாதிரி இசையெல்லாம் பிடிக்குமாம்மா? தெரியாமப் போச்சே. உள்ள வாங்க, உக்காருங்க..."

உதடு நீலம் பாய, துடைப்பம் அசையாமல் அமர்ந்திருந்தார். மேசையின் ஆளில்லாத மற்ற மூன்று நாற்காலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முனகின.