ஆறு கண்ணும் ஒரு மீன் தலையும்

ஏரிக்கரையில் டென்சில் கண்ணாடி மாட்டி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். முதலில் பவர் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு வில்லையிலும் 'ஹா' என்று ஊதுவான். பனியனின் அடி ஓரத்தை வெளியே இழுத்துத் துடைப்பான். சட்டையால் துடைக்க மாட்டான், கோடு விழுமாம். மறுபடி மாட்டிக்கொண்டு, அதன்மேல் நடைபாதையில் வாங்கிய கறுப்புக் கூலிங்கிளாஸை ஏற்றுவான். அது நழுவும். அதற்காகப் பின்மண்டையில் ஒரு ரப்பர் பேண்டு. அது முடியைப் பிடித்து இழுப்பதால் வலது புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏரியைச் சந்தேகப்படுகிற முகம்.

"ஆறு கண்ணு வச்சிக்கினு ஒரு மீனு தெரியலியே மாமா," என்பான் டிரேவர், பக்கத்துக் கல்லிலிருந்து.

டிரேவர், டென்சிலின் மனைவி பிரிஜெட்டின் தம்பி. அவன் கண்ணுக்குப் பவர் கிடையாது. ஆன்லைனில் வாங்கிய போலரைஸ்டு கண்ணாடியை ஒரே தடவையில் மூக்கில் வைத்துவிடுவான். தண்ணீரின் மேலே மினுங்கும் வெயிலை அது துடைத்து எடுத்துவிடும் என்பான். "மீன் தொட்டிக்குள்ள பாக்கற மாதிரி இருக்கும் மாமா." டென்சிலுக்குத் தெரிவதெல்லாம் வெயில்தான். தக்கை எப்போது அமிழ்ந்தது, எப்போது எழுந்தது என்பதை டிரேவர் சொல்லித்தான் அறிவான். அதற்குள் கொக்கியில் மாவு இருக்காது.

தோற்றுப் போவதுகூடப் பெரிதில்லை. தலைதான் பெரிது. பிரிஜெட் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம்: மீன் குழம்பில் தலை, மீனைப் பிடித்தவன் தட்டுக்கு. ஆறு வருடமாக ஜோகுபாளையத்தில், தன் வீட்டில், தன் மனைவி கையிலிருக்கும் கரண்டி தன் தட்டைத் தாண்டிப் போய் மச்சான் தட்டில் தலையை இறக்குவதை டென்சில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வால்.

"தல மேல என்னங்க அவ்ளோ ஆச? கடையில தனியா விக்குது, வாங்கினு வாங்க," என்றாள் பிரிஜெட் ஒருமுறை.

விற்கிற தலை வேறு. டென்சில் வாலில் முள் எடுத்தான்.

பெரிய ஷோரூமில் விசாரித்தான். பவர் போட்ட போலரைஸ்டு கண்ணாடி பதினோராயிரம் என்றாள் அங்கிருந்த பெண். டென்சில் பிரேமை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு அடுகோடிப் பேட்டையில், இரண்டு ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே இடுங்கிக் கிடந்த கோதண்டராமனின் கடையைக் கண்டுபிடித்தான்.

"மூணு பவர் வரைக்கும் லென்ஸ் கையிலயே கீது சார். ரெண்டாயிரத்து எரநூறுல முடிச்சித் தர்றேன். தூரத்துக்கு நீங்க போட்டிருக்கறது நாலு. அதுக்கு ஆர்டர் போடணும், நாலாயிரம் ஆவும்."

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா."

"பாத்துதான் சார் சொல்றேன். என் தொழிலே அதான்."

ஐந்து சனிக்கிழமை போனான். வாடிக்கையாளர் வந்தால் டென்சிலை முக்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கோதண்டராமன் வியாபாரம் பார்ப்பார். முக்காலிக்கு நேர் எதிரே கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை. டென்சில் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருபது வருடமாகக் கட்டைக் குரல் பாடுகிறவன். கண்ணெதிரே எது இருந்தாலும் அதற்கு மெட்டுப் போட்டுவிடுவது அவன் வியாதி. பழுது பார்க்கும் லிஃப்டின் எச்சரிக்கைப் பலகையைக்கூட ராகமாக முனகுவான். மூன்றாவது சனிக்கிழமை பிரிஜெட் குளியலறைக் கதவைத் தட்டினாள். "என்னங்க அது, டி, ஓ, இசட்டுன்னு? இலத்தீனா?"

ஐந்தாவது சனிக்கிழமை கோதண்டராமன் தளர்ந்தார். "உக்காருங்க, ஒருவாட்டி டெஸ்ட் பண்ணிடலாம்."

சோதனைச் சட்டகத்தில் முதலில் மூன்று பவர் வில்லையைச் செருகினார். மேல் வரிசையில் ஒரு பெரிய கறுப்பு தெரிந்தது. டென்சில் வாயைத் திறந்தான். அதற்குப் பிறகு கண்ணுக்கு வேலையே இருக்கவில்லை. மெட்டு பிடித்துக்கொண்டது, வரிசை வரிசையாக இறங்கி, கடைசி வரியில் லேசாக இழுத்தே முடித்தான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. தெரிகிறது என்றே நம்பினான்.

கோதண்டராமன் டார்ச்சைக் கீழே வைத்தார். "சார், மூணுக்கு எறங்கிடுச்சி! நாப்பத்தாறு வயசுல பவர் கொறஞ்சி நான் பாத்ததில்ல. என்னா சாப்புடறீங்க?"

"மீன் வால்," என்றான் டென்சில்.

கண்ணாடி தயாரானதும், போலரைஸ்டுதானா என்று சோதிக்கும் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். வெறும் கண்ணுக்கு நீல நிறம் மட்டும். புதுக் கண்ணாடி வழியே பார்த்தால் நடுவில் ஒரு மீன் எழுந்து வந்தது. டென்சில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேறெதையும் பார்க்கவில்லை. கீறல் விழுமென்று ஞாயிறு வரை பெட்டியையும் திறக்கவில்லை.

ஞாயிறு முதல் பூசை முடிந்து டிரேவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஏரிக்குப் போனான். கல்லில் குந்தி, ஒரே தடவையில் கண்ணாடியை மூக்கில் வைத்து நிமிர்ந்தான். ஏரி பஞ்சாக இருந்தது. தூண்டிலின் நுனி பஞ்சு. டிரேவரே சட்டை போட்ட ஒரு பஞ்சு.

"இன்னா மாமா, மீன் தொட்டியா?" என்றது பஞ்சு.

"சூப்பரா கீது மச்சான்," என்றான் டென்சில். இரண்டாயிரத்து இருநூறும் ஐந்து சனிக்கிழமையும் பஞ்சாய்ப் போயிருந்தன. முகத்தை மறைக்கத் தலையைக் கவிழ்த்தான். கவிழ்த்தவன் அப்படியே உறைந்தான்.

காலடியில், கை நீட்டினால் தொடும் ஆழத்தில், தண்ணீர் இல்லாததுபோல் இருந்தது. ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அவற்றின் நடுவே, தன் வீட்டுக் கூடத்தில் நடமாடுவதுபோல், கொழுத்த ஒரு கெண்டை வாயால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

டென்சில் தூண்டிலை வீசவில்லை. பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல் மெல்ல அதன் முன்னால் இறக்கினான். தக்கையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மீன் வாய் திறப்பதையே பார்த்தான்.

மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

மத்தியானம் கரண்டி சட்டியிலிருந்து எழுந்தது. வழக்கப்படி நகர்ந்தது. டென்சிலின் தட்டுக்கு மேலே நின்றது.

"அக்கா, அது காலாண்ட வந்து தானா மாட்டின மீனு. அதுக்கும் தலையா?" என்றான் டிரேவர்.

"பிடிச்சவனுக்குத்தான்டா தல. அம்மா சொன்னது. வால் வேணுமா, நடுத்துண்டா?"

டென்சில் அந்தத் தலையோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

மறுவாரம் பூசையில் வழக்கமான கண்ணாடியில் பாட்டு எண் தெளிவாகத் தெரிந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது: கண் இன்னும் நாலிலேயே இருக்கிறது, பலகையைப் படித்தது மெட்டு. அடுகோடிக்குப் போய் மெட்டோடு உண்மையைச் சொன்னான். கோதண்டராமன் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "குடுங்க சார், நாலு போட்டு மாத்தித் தர்றேன். காசு வேணாம்."

"அய்யோ, வேணாம்ணா," என்று டென்சில் பெட்டியை மூடிச் சட்டைப் பைக்குள் தள்ளினான். அதற்குப் பிறகு எட்டு ஞாயிற்றில் ஐந்து தலை சாப்பிட்டான். தன் பார்வையின் கூர்மையே காரணம் என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு டிரேவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் மனைவி ஆஞ்சலா ஏதோ பேச்சில் சொன்னாள்: தூண்டில் இரைக்குப் பிசைந்து மிச்சமான ராகி மாவையும் புண்ணாக்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் நாறுகிறதென்று அவள்தான் சத்தம் போட்டிருக்கிறாள். அதனால் ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புமுன், டென்சில் சாமான் கட்டப் போனதும், அந்தப் பாத்திரம் முழுவதையும் டிரேவர் ஓரிடத்தில்தான் கவிழ்த்து வந்திருக்கிறான்: டென்சில் உட்காரும் கல்லுக்குக் கீழே.