மூன்று மணிக்கு அடக்கம்

என் மனைவிக்கு விமானம் ஆகாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட ஏறியதில்லை. சென்னைக்கு என்றால் ரயில்தான். எங்கோ விழுந்த விமானத்தை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்த நாட்களில், "பாத்தியளா, இதுக்குத்தான் சொல்லுதேன்" என்று எனக்குப் பாடம் நடத்தினாள். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு என் வேலை. இயந்திரத்தைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாளே என்று எரிச்சலாக இருக்கும். ரோட்டில் போகிற பைக்கைவிட விமானம் பத்திரம் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "பைக்கு நின்னா காலை ஊணிக்கிடலாம். அது நின்னா எங்கன ஊணுவிய?" என்றாள்.

அப்படிப்பட்டவள்தான் ஒருநாள் காலையில், "பிளேன்லயே போவோம்" என்றாள். விடியும் நேரத்தில் சென்னையிலிருந்து மைத்துனன் போன் செய்திருந்தான். அவனோடு இருந்த என் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மாமனார் நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். இரண்டாவது மணி அடித்ததும் பள்ளிக்கூடத்து வாசல் கதவை மூடிவிடுவார். சொந்த மகள் ஓடி வந்தாலும் மூடிய கதவு மூடியதுதான். யார் வீட்டு அடக்கத்துக்குப் போய்வந்தாலும், "என்னைய ஐஸ் பெட்டியில வைக்கப்படாது. அன்னைக்கே அடக்கம் பண்ணிரணும். ஒருத்தருக்காகவும் காத்திருக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சிரிப்புக்கூட வந்ததுண்டு. அன்றைக்கு அந்தப் பேச்சுதான் சட்டமாக வந்து நின்றது.

"அத்தான், கார்ல வந்தா பொழுது சாஞ்சிரும். காலையில ஒரு பிளேன் இருக்கு. மத்தியானத்துக்கு முன்னால இங்கன வந்துருவிய. மூணு மணிக்கு அடக்கம்னு சொல்லிருதேன்" என்றான் மைத்துனன்.

எங்கள் குடும்பங்களில் அடக்க நேரத்தை ஒருதரம் சொல்லிவிட்டால் சொன்னதுதான். உறவுக்கெல்லாம் போன் போய், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொல்லி, சபை ஐயரிடமும் நேரம் வாங்கியாயிற்று என்றால் அப்புறம் மாற்ற மாட்டார்கள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அப்பேர்ப்பட்ட நேரத்தை விமானக்காரர்கள் போட்ட நேரத்தை நம்பிக் குறித்தோம். சொன்ன நேரத்துக்குக் கப்பல் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் விமானம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பெட்டியை மூடுவதற்கு முன்னால் அப்பா முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். வீட்டைப் பூட்டும்போது அதைச் சொன்னாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள புதுக்கோட்டையைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சோதனையில் அவளுடைய கைப்பையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு பெரிய ஓடிகொலோன் பாட்டில் இருந்தது. மாமனார் கைக்குட்டையில் விட்டுக்கொள்வது அந்த வாசனைதான். பெட்டிக்குள் தெளிப்பதற்காக எடுத்து வந்திருக்கிறாள். இந்த அளவுக்கு அனுமதி இல்லை என்றார் சீருடைக்காரர். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் மூடியைத் திறந்து தன் கைக்குட்டையை நன்றாக நனைத்துக்கொண்டு பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டாள். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு பக்கத்துக் காற்றாடி சுழன்றது. மறுபக்கம் சுழல ஆரம்பித்து நின்றுவிட்டது. மறுபடியும் ஆரம்பித்து மறுபடியும் நின்றது. கோளாறு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. விமானி மன்னிப்புக் கேட்டார். எல்லோரையும் இறக்கித் திரும்பவும் கூடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

மாற்ற வேண்டிய பாகமும் மெக்கானிக்கும் சென்னையிலிருந்து அடுத்த விமானத்தில் வர வேண்டுமாம். அந்த விமானம் திரும்பிப் போகும்போது எங்களை ஏற்றிக்கொள்ள அதில் ஒரு இடம்கூட இல்லை. மதுரைக்குப் போய் ஏறலாமா என்று பார்த்தால் அங்கேயும் டிக்கெட் இல்லை. ஒலிபெருக்கியில் 'தொழில்நுட்பக் காரணம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க ஜனங்களுக்கு ஆத்திரம் ஏறியது. சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஒருவர் கவுண்டரைத் தட்டிக் கத்தினார். கவுண்டரில் இருந்த சின்னப் பெண்ணுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

துறைமுகத்தில் அந்தப் பெண்ணின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். கிரேனின் கம்பிவடத்தில் ஒரு இழை விட்டிருந்தால் நிறுத்திவிடுவேன். கப்பல் காத்துக் கிடக்கும். ஏஜெண்டுகள் வந்து, "அண்ணாச்சி, இந்த ஒரு கப்பலை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணி விடுங்க" என்பார்கள். விட்டதில்லை. கண்ணால் பார்க்காத எதையும் பார்த்தேன் என்று நான் சொன்னதே கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு நானும் கவுண்டருக்குப் போனேன். "ஒரு துக்கத்துக்குப் போறோம்மா. சின்னக் கோளாறாத்தான இருக்கும், கொஞ்சம் பாத்து அனுப்பப்படாதா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். மனைவிதான்.

"ரிப்பேருன்னு தெரிஞ்சா நீங்க கிரேனை ஓட விடுவியளா?"

"மாட்டேன்."

"அப்பொ அந்தப் பிள்ளைய எதுக்குப் போட்டுப் படுத்துதிய? வந்து இருங்க."

வந்து உட்கார்ந்தேன். அந்தக் கூடத்தில் அவளைவிட அவசரம் உள்ளவர்கள் யாரும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவள்மேல் கோபமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அடுத்த விமானம் வந்து, மெக்கானிக் பெட்டியோடு இறங்கி வேலையைத் தொடங்கும்போதே மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மைத்துனன் அழைத்தான். "அத்தான், ஐயர் வந்தாச்சு. ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாமான்னு கேக்கட்டா?" கேள் என்று நான் சொல்ல வந்தபோது அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கேக்காதல. யாருக்காகவும் நிக்கப்படாதுன்னு அப்பா சொல்லியிருக்காவ. நானும் அந்த யாருலதான் சேத்தி. நீ போன்ல காட்டு, போதும்."

இரும்பு நாற்காலியில் இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு போனைப் பார்த்தோம். பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. படம் நின்று நின்று வந்தது. ஐயர் ஜெபம் தொடங்கிய நேரம் பார்த்து, எங்கள் தலைக்குமேல் ஒலிபெருக்கி அலறியது. கோளாறு சரிசெய்யப்பட்டது, பயணிகள் வரிசையில் வரலாம் என்றது. மக்கள் கைதட்டினார்கள்.

"தெரியுதாக்கா?" என்றான் மைத்துனன்.

"தெரியுதுல" என்றாள்.

"மூடப் போறாவக்கா."

"சரி."

போன் அணைந்தது. இனி எதற்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளோ எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். "வாங்க. தம்பி ஒத்தையில இருக்கான்" என்றாள்.

இந்தத் தரம் பயம் எனக்குத்தான். ரிப்பேர் பார்த்த இயந்திரத்தின் முதல் ஓட்டம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கிரேனைச் சரிசெய்தால் முதல் பாரம் தூக்கும்போது நான் மேலே ஏறி ஆபரேட்டர் பக்கத்தில் நிற்பேன். அது என் வழக்கம். விமானத்தில் ஏறியதும் மெக்கானிக்கைத் தேடினேன். கிரீஸ் பட்ட சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விமானம் ஓட ஆரம்பிக்கும் முன்பே தூங்கிவிட்டார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மனைவி கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாக உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பளமும் மறைந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கண்ணுல தண்ணி மறைச்சிட்டு. ஒண்ணுமே தெரியல. தம்பி சங்கடப்படுவானேன்னு தெரியுதுன்னு சொல்லிட்டேன். நீங்க பாத்தியள்ல?"

"பாத்தேன்."

"அப்பா எப்பிடி இருந்தாவ?"

"நல்லா ஷேவ் பண்ணி விட்டிருந்தாங்க. வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்துச்சு."

"கண்ணாடி?"

"இல்ல. மூக்குல அது பதிஞ்ச தடம் தெரிஞ்சுது. ஞாயித்துக்கெழம கோயில்ல பிரசங்கம் கேக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு இருப்பாவல்லா, அப்பிடியேதான் இருந்தாவ."

அவள் அந்தக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். ஓடிகொலோன் வாசனை என் இருக்கை வரைக்கும் வந்தது. இன்னும் சொல்லுங்க என்றாள். மாமனாரின் கைகளைப் பற்றிச் சொன்னேன், தலை சீவியிருந்த விதத்தைச் சொன்னேன். சென்னை வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.

போனில் நான் பார்த்ததெல்லாம் மைத்துனனின் சட்டைக் கையும், மேலே சுற்றாமல் நின்ற ஒரு மின்விசிறியும்தான்.